தும்மினால் கசிகிறது, டேப் வைக்கலாம் என்கிறார் டாக்டர். வைத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

கரும்பலகை, மதுரை
ஜனவரி 9, இரவு 10:48

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 46, பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பிள்ளைகள். இரண்டும் சுகப்பிரசவம் என்றுதான் சொல்லிக்கொள்வோம், ஆனால் இரண்டாவது ஆயுதம் போட்டு எடுத்தது. பையன் கிட்டத்தட்ட நாலு கிலோ.

மூன்று வருஷமாக இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. போன மாதம் ஆண்டு விழா ஒத்திகையில் பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு குதி குதித்தேன். அவ்வளவுதான். மேடைத் திரைக்குப் பின்னால் போய் நின்றவள், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் வெளியே வந்தேன். வெளிர் நிறப் புடவை எல்லாவற்றையும் தங்கச்சிக்குக் கொடுத்தாகிவிட்டது. அவள் என்னவோ எனக்குத் திடீரென்று தாராள மனசு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரம்மா இருமச் சொல்லிப் பார்த்தார். சீட்டில் 'ஸ்ட்ரெஸ் இன்காண்டினன்ஸ்' என்று எழுதினார். "டி.ஓ.டி. டேப் வைத்துவிடலாம், அரை மணி நேர வேலை, மறுநாள் வீட்டுக்குப் போகலாம்" என்றார். சிறுநீர்க்குழாய்க்குக் கீழே வலை மாதிரி ஒரு சின்னப் பட்டையை வைத்துத் தாங்குவதாம். வீட்டுக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, "உனக்கு என்ன ஸ்ட்ரெஸ்? ஸ்கூலில் யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்கிறார். சிரிப்பு வந்தது, சிரிக்கவும் பயம்.

மே லீவில் தேதி கேட்டிருக்கிறேன். இணையத்தில் தேடினால் 'அந்த வலையை வைத்துக்கொள்ளாதே, லண்டனில் தடை செய்துவிட்டார்கள்' என்று வருகிறது. வைத்துக்கொண்டவர்கள், வைத்துக்கொள்ளாமல் சமாளித்தவர்கள் இரண்டு பேருமே எழுதுங்கள்.


நெறியாளர்
ஜனவரி 9, இரவு 11:05

வழக்கமான குறிப்புதான். டாக்டர் பெயர், மருத்துவமனை பெயர், ஊசி மருந்துக் கம்பெனி பெயர் வேண்டாம், நல்லது சொன்னாலும் சரி, கெட்டது சொன்னாலும் சரி.


பவளமல்லி, திருச்சி
ஜனவரி 10, காலை 6:20

டீச்சர், எனக்கு டி.ஓ.டி. வைத்து 5 வருஷம் ஆகிறது. முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டு தொடை இடுக்கிலும் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு, அதுவும் இப்போது தேடினால்தான் தெரியும். மறுநாள் சிறுநீர் டியூபை எடுத்தார்கள், போய்விட்டு வந்தேன், ஸ்கேனில் பார்த்தார்கள், பையில் மிச்சம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இருமலுக்குக் கசிந்ததில்லை.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று உண்டு: தொடை வலி. உள்பக்கம், இடுக்குக்குக் கீழே. மூன்று வாரம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது இந்தியன் டாய்லெட். உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழவும் முடியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை இரவல் வாங்கித்தான் சமாளித்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி என்றால் ஆபரேஷனுக்கு முந்தின நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.


நாலாம்_மாடி, சென்னை
ஜனவரி 10, காலை 11:32

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். என் அக்காவுக்கும் அதே டேப்தான். கசிவு நின்றது, உண்மை. ஏழு மாதம் கழித்து வெள்ளைப்படுதல், லேசாக ரத்தம். அத்தானுக்கு ஏதோ நரம்புக்கம்பி குத்துவது மாதிரி இருந்திருக்கிறது. அதை வெளியே சொல்ல இரண்டு பேரும் எவ்வளவு கூச்சப்பட்டார்கள் என்றால், ஆறு மாதம் தனித்தனி அறையில் படுத்தார்கள். எங்கள் அம்மா இருவருக்கும் சண்டை என்று நினைத்து ஜாதகம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் பார்த்தால் டேப் ஓரம் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே தெரிகிறது. வெளியே தெரிந்த துண்டை வெட்டித் தைத்தார்கள். இப்போது பரவாயில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் "இப்படியும் ஆகலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம். வெளிநாட்டில் நிறுத்தியதை இங்கே ஏன் இன்னும் வைக்கிறார்கள்?


நாட்டுச்சர்க்கரை
ஜனவரி 10, பகல் 1:15

வாழைத்தண்டு ஜூஸ் 48 நாள் குடித்துப் பாருங்கள். கத்தியே வேண்டாம்.


பவளமல்லி, திருச்சி
ஜனவரி 10, பகல் 1:22

வாழைத்தண்டை சிறுநீர் நன்றாகப் போவதற்குத்தான் குடிப்பார்கள். டீச்சருக்குப் போவதில் குறையே இல்லை.


பிசியோ_அக்கா, கோவை
ஜனவரி 10, இரவு 9:40

ஒரு கேள்வி. டேப் பேச்சுக்கு முன்னால் யாராவது உங்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்களா? "கீகல் பண்ணுங்க" என்று ஒரு காகிதம் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கீகல் என்பவர் அமெரிக்க டாக்டர், 1948இல் இதை எழுதினார். அவரே தசை சரியாக இறுகுகிறதா என்று கருவி வைத்துப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். நம் ஊரில் காகிதத்தோடு நின்றுவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பலர் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் முக்குகிறார்கள். அது நேர் எதிர் வேலை. சிலர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுக்கிறார்கள், சிலருக்குப் பிட்டம் மட்டும் இறுகும்.

எப்படித் தெரிந்துகொள்வது? கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது காற்று பிரியாமல் அடக்குகிறோமே, அந்தப் பிடி. அதை முன்பக்கமும் கொண்டுவந்து, உள்ளே மேலே தூக்க வேண்டும். வயிறு தளர்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. ஒரு தடவைக்கு 8 பிடி, நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். இங்கிலாந்தின் 'நைஸ்' என்ற அரசு மருத்துவ அமைப்பின் வழிகாட்டி சொல்லும் கணக்கு இது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள், பழக்கமானால் முழுசாகப் போகாமல் நிற்க ஆரம்பிக்கும்.

அப்புறம் இன்னொன்று, இதைத் தனியாகப் பழகுங்கள். தும்மல் வரப்போவது ஒரு நொடி முன்னால் தெரியும் இல்லையா? அந்த நொடியில் ஒரு பிடி பிடித்துவிட்டுத் தும்முங்கள். வெறும் இந்தப் பழக்கத்திலேயே சிலருக்குப் பாதி பிரச்சினை போய்விடும்.


வீட்டுக்காரர்_77
ஜனவரி 11, காலை 7:02

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, மன்னிக்கவும். என் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் டேப் வைத்தோம். இருமல் கசிவு நின்றது, ஆனால் அவளுடைய உண்மையான தொந்தரவு அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வெளியே போய்விட்டு வந்து வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதே அவசரமாக வந்துவிடும், குளியலறை போவதற்குள் நனைந்துவிடும். குழாய்ச் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். டேப் வைத்த பிறகு அது அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்கிறாள். இதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

டீச்சர், உங்களுக்கு அப்படி அவசரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


கத்திரிக்கோல்
ஜனவரி 12, இரவு 11:50

நான் இந்த ஆபரேஷனைச் செய்கிறவள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். டீச்சரைப் பரிசோதிக்காமல் அவருக்கு இது, இது என்று சொல்ல முடியாது. இந்த இழையில் பாதி உண்மைகள் தனித்தனியாகக் கிடக்கின்றன, அதைக் கோத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். நீளமாக இருக்கும், டீ போட்டுக்கொண்டு படியுங்கள்.

முதலில் பெயர். இங்கே ஸ்ட்ரெஸ் என்றால் மன அழுத்தம் இல்லை, வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம். டீச்சர் வீட்டுக்காரர் மட்டும் இல்லை, ஒரு பத்திரிகைக்காரரே 'மன அழுத்தத்தால் சிறுநீர்க் கசிவு' என்று தலைப்பு போட்டு நான் பார்த்திருக்கிறேன்.

பெண்ணின் சிறுநீர்க்குழாய் 4 சென்டிமீட்டர்தான். இருமும்போது வயிற்றின் அழுத்தம் சிறுநீர்ப்பையை அமுக்குகிறது, அதே அழுத்தம் குழாயையும் அமுக்கி மூடுகிறது. மூட வேண்டுமென்றால் குழாய்க்குக் கீழே தாங்கும் தளம் கெட்டியாக இருக்க வேண்டும். டிலான்சி என்ற அமெரிக்க டாக்டர் 1994இல் இதற்குச் சொன்ன உவமை எனக்குப் பிடிக்கும்: தோட்டத்து ஹோஸ் பைப்பை சிமெண்டுத் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நிற்கும். சேற்றில் வைத்து மிதித்தால் பைப் உள்ளே போகும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பிரசவம், அதிலும் ஆயுதம் போட்டது, பெரிய குழந்தை, அப்புறம் மாதவிடாய் நிற்கும் வயது, உடம்பு எடை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, இதெல்லாம் சிமெண்டைச் சேறாக்குகிற காரியங்கள். சில பேருக்குத் தளம் சரியாக இருந்து, குழாயின் மூடும் தசையே தளர்ந்திருக்கும். அது வேறு கணக்கு.

ஆபரேஷன் எல்லாமே அந்தத் தரையைத் திரும்பக் கொடுக்கிற முயற்சிதான். பர்ச் என்பவர் 1961இல், குழாயின் இரண்டு பக்கத்திலும் உள்ள யோனிச் சுவரை இழுத்து, இடுப்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் கெட்டியான நாரில் தையல் போட்டார். வயிற்றைத் திறந்தோ, இப்போது லேப்ராஸ்கோப்பியிலோ செய்கிறோம். வலை கிடையாது. பின்னால் சிலருக்கு யோனியின் பின்சுவர் இறங்குகிற பிரச்சினை வரும். இன்னொன்று, நோயாளியின் அடிவயிற்றுத் தசைமேல் இருக்கும் வெள்ளை உறையிலிருந்தே ஒரு பட்டை வெட்டி எடுத்து, குழாய்க்குக் கீழே ஊஞ்சல் மாதிரி போடுவது. சொந்தச் சதை, அதனால் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிற பேச்சு இல்லை. வெட்டு பெரிசு, வலி அதிகம்.

அமெரிக்காவில் 655 பெண்களிடம் இந்த இரண்டையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார்கள். 2 வருஷ முடிவில் இருமல் கசிவு நின்றது, சொந்த உறைப் பட்டையில் 66 சதவீதம், பர்ச்சில் 49. ஆனால் பட்டை போட்டவர்களுக்குத்தான் சிறுநீர்த் தொற்றும், போவதற்குச் சிரமமும் அதிகம். கசிவை நன்றாக நிறுத்துகிற ஆபரேஷன் கொஞ்சம் நன்றாகவே நிறுத்திவிடும், அதாவது போகவும் விடாது. இந்தத் துறையின் தலைவலியே அதுதான்.

இப்போது டேப். சுவீடனில் உப்சாலாவில் உல்ம்ஸ்டன் 1996இல் எழுதினார். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலில் பின்னிய, ஒரு விரல் அகலம்கூட இல்லாத பட்டை. குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே வைத்து, இடுப்பெலும்புக்குப் பின்னால் மேல்நோக்கி இரண்டு முனையையும் அடிவயிற்றில் எடுப்பது. தையலே கிடையாது. சதை அதன் கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதுதான் டி.வி.டி. டேப்பைக் கொண்டுபோகும் ஊசி பையைக் குத்தியிருக்கிறதா என்று உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் முடிக்கக் கூடாது. அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் 2001இல் பிரான்சில் டெலோர்ம் தொடை இடுக்கு வழியாக எடுத்தார். அது டி.ஓ.டி. பவளமல்லிக்கு வைத்தது.

எது உசத்தி? 597 பெண்கள், அமெரிக்கா, 2010. ஒரு வருஷத்தில் பரிசோதனையில் தேறியவர்கள் டி.வி.டி. வகையில் 80.8 சதவீதம், டி.ஓ.டி. வகையில் 77.7. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பக்கவிளைவில்தான். போக முடியாமல் திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டது டி.வி.டி.யில் 2.7 சதவீதம், டி.ஓ.டி.யில் யாருமே இல்லை. காலில் மரத்துப்போவது, பலக்குறைவு மாதிரி நரம்புத் தொந்தரவு டி.ஓ.டி.யில் 9.4, டி.வி.டி.யில் 4.0. தொடையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு, நாற்று நடுகிறவர்கள், தறி மிதிக்கிறவர்கள், தரையில் குந்தி வேலை செய்கிறவர்கள், இவர்களிடம் டி.ஓ.டி. என்று சொல்வதற்கு முன்னால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். அது என் பழக்கம், ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாலாம்_மாடி, உங்கள் அக்காவுக்கு நடந்தது உண்மையாக நடக்கிற விஷயம், அதை முன்கூட்டியே சொல்லாதது தப்பு. ஓரம் தெரிந்தால் வெட்டித் தைக்கலாம். முழுசாக எடுப்பது வேறு. சுவரில் ஏறிய அரச மரத்தை வேரோடு பிடுங்குகிற கதை, சுவர் கொஞ்சம் கூடவே வரும். அதனால்தான் இது 'நிரந்தரமாக உள்ளே இருக்கும் பொருள்' என்ற வார்த்தையைக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

'தடை' விஷயத்தில் இரண்டு வேறு சமாச்சாரம் குழம்பியிருக்கிறது. கர்ப்பப்பை, மூத்திரப்பை இறக்கத்துக்கு யோனி வழியாகப் பெரிய வலை வைப்பார்கள். அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது அதைத்தான், கசிவுக்கு வைக்கும் சின்ன டேப்பை இல்லை. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் டேப்பையும் சேர்த்தே நிறுத்திவைத்தார்கள். அங்கே பாதிக்கப்பட்ட பெண்கள் வருஷக்கணக்கில் கத்திய பிறகுதான் அது நடந்தது. 2020இல் வந்த விசாரணை அறிக்கை, அந்தப் பெண்கள் சொன்னதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று சொன்னது. மறுபக்கம், உல்ம்ஸ்டன் முறையில் வைத்துக்கொண்ட முதல் கூட்டத்தை வடஐரோப்பாவில் 17 வருஷம் கழித்துப் பார்த்தபோது, பரிசோதனைக்கு வந்தவர்களில் 10 பேருக்கு 9 பேர் கசிவில்லாமல் இருந்தார்கள். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்கிறவர் எந்தப் பக்கம் இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.

வீட்டுக்காரர்_77 சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அவசரக் கசிவுக்கு டேப் மருந்து இல்லை. அதற்குப் பையைப் பழக்குவது, மாத்திரை. இரண்டும் கலந்திருந்தால் எது அதிகம் தொந்தரவு என்று பார்த்து அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டேப் வைத்த பிறகு புதிதாக அவசரம் வருவதும் உண்டு. உங்கள் மனைவியை விட்டுவிடாதீர்கள், திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள், வழி இருக்கிறது.

டீச்சர், மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு போனது, எப்போது என்ன செய்யும்போது கசிந்தது. அதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.


கரும்பலகை, மதுரை
ஜனவரி 13, காலை 5:45

டாக்டரம்மா, டீ ஆறிவிட்டது, இரண்டு தடவை படித்தேன். நன்றி என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது.

எனக்கு அவசரம் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் பள்ளிக் கழிவறையில் காலை எட்டரைக்குப் பிறகு தண்ணீர் வராது, அதனால் மாலை ஐந்து வரைக்கும் போகாமல் இருப்பேன். அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை. குறிப்பு எழுதினால்தான் தெரியும். மருந்துக்கடையில் அளவுக் குவளை வாங்கிவிட்டேன். கடைப்பையன் "இருமல் மருந்துக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன், ஒரு வகையில் பொய்யும் இல்லை.


ஈஸ்ட்ஹாம்_அன்ரி, லண்டன்
ஜனவரி 14, இரவு 2:10

தங்கச்சி, இங்கே டேப்பை நிறுத்தி வைத்த பிறகு சத்திரசிகிச்சை செய்துகொண்டவள் நான், அதனால் எழுதலாம் என்று நினைத்தேன். முதலில் பிசியோதெரபி, மூன்று மாதம். அதுக்குப் பிறகும் சலம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு வைத்தியர் ஒரு கையேட்டைத் தந்து, பர்ச் செய்யலாம், சொந்த உறையில் செய்யலாம், ஊசி போடலாம், வலை இப்போதைக்கு வழமையாகச் செய்வதில்லை என்று இருந்து கதைத்தார். எது வேண்டும் என்று என்னையே கேட்டார். எனக்கு அது பழக்கமில்லை. ஊரில் என்றால் வைத்தியர் சொல்லுவார், நாங்கள் தலையாட்டுவோம். "நீங்களே சொல்லுங்கோ" என்றேன். அவர் சிரித்துவிட்டு, வீட்டை போய் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

சொந்த உறைதான் செய்தேன். சிசேரியன் வெட்டு மாதிரி, அதே இடம். முதல் கிழமை கட்டிலில் புரளவே ஏலாது. சலம் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. நானே சின்னக் குழாய் விட்டு எடுக்கப் பழக்கினார்கள். கண்ணாடி வைத்துக்கொண்டு முதல் நாள் அழுதேன், மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஐந்து கிழமை அப்படி. பிறகு தானாகப் போனது. இப்ப பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறேன், ஒரு துளி இல்லை. ஆனால் முன்பு மாதிரிக் கெதியாகப் போகாது, இருந்து ஆறுதலாகத்தான் போக வேணும்.


கரும்பலகை, மதுரை
ஜனவரி 14, காலை 6:30

அன்ரி, சலம் என்று படித்ததும் ஒரு நொடி தடுமாறினேன், அப்புறம் புரிந்தது. எவ்வளவு மரியாதையான சொல். எங்கள் பக்கம் 'பாத்ரூம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதே வழக்கம்.

குழாய் விட்டு எடுக்கிற விஷயத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.


கத்திரிக்கோல்
ஜனவரி 14, இரவு 10:15

அந்தப் பயத்தை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். "கசிவு நின்று, போக முடியாமல் ஆனால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குத் திடமாகப் பதில் சொல்கிறவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். வருஷத்துக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.


பிசியோ_அக்கா, கோவை
ஜனவரி 15, காலை 9:00

ஒரு சின்னச் சேர்க்கை. நான் என் கடைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாராவது நினைக்கலாம், அதனால் எனக்கு எதிரான கணக்கையும் நானே போட்டுவிடுகிறேன். நெதர்லாந்தில் 460 பெண்கள், மிதமான, கடுமையான கசிவு உள்ளவர்கள். பாதிப்பேருக்கு முதலில் பயிற்சி, பாதிப்பேருக்கு நேராக டேப். 2013இல் வந்தது. ஒரு வருஷத்தில் தேவலை என்று சொன்னவர்கள் டேப்பில் 90.8 சதவீதம், பயிற்சியில் 64.4. பயிற்சிக் குழுவில் 49 சதவீதம் பேர் நடுவிலேயே ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள்.

திருப்பிப் பார்த்தால், பாதிப்பேர் மாறவில்லை. நீங்கள் எந்தப் பாதி என்று 3 மாதம் செய்து பார்த்தால்தான் தெரியும். மே மாதத்துக்கு நேரம் இருக்கிறது. எடை அதிகம் என்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் அதிக எடை உள்ள பெண்கள் 8 சதவீதம் எடை குறைத்தபோது வாராந்தரக் கசிவு கிட்டத்தட்டப் பாதியானது. 80 கிலோ என்றால் ஆறரைக் கிலோ, முடியாத காரியம் இல்லை.


நாலாம்_மாடி, சென்னை
ஜனவரி 15, பகல் 12:40

டாக்டரம்மா பதிலுக்கு நன்றி. என் அக்காவிடம் படித்துக்காட்டினேன். 'சுவர் கொஞ்சம் கூடவே வரும்' என்ற இடத்தில் அழுதுவிட்டாள். ஆனால் இவ்வளவு நாளில் யாரோ ஒருத்தர் "அது உண்மையாக நடக்கிறது" என்று சொன்னது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் மனப்பிரமை என்றார்கள். டேப்பே வேண்டாம் என்று நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சொல்லிவிட்டு வையுங்கள்.


கரும்பலகை, மதுரை
ஏப்ரல் 21, இரவு 9:55

மூன்று மாதம் ஆகிவிட்டது. பிசியோ அக்கா சொன்ன மாதிரி, இங்கேயே ஒருவரைத் தேடிப் பிடித்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது, நானும் முக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்! பயிற்சியை வருகைப் பதிவோடு கட்டிப்போட்டேன். ஒரு பேருக்கு "உள்ளேன் அம்மா" வரும்போது ஒரு பிடி, அடுத்த பேருக்குத் தளர்வு. 42 பேர். கணக்கு டீச்சர் கணக்கில் அது 21 பிடி.

பலன்: தும்மலுக்கு முந்தின பிடி நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் பெரும்பாலும் கசிவில்லை. ஆனால் திடீர் இருமல், பேருந்து பள்ளத்தில் இறங்குவது, படியில் வேகமாக இறங்குவது, இதற்கெல்லாம் பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு நாலு துணி என்றிருந்தது ஒன்றரையாகிவிட்டது.

குறிப்பைப் பார்த்த டாக்டர் அவசரக் கசிவு இல்லை, ஆனால் ஒன்பது மணி நேரம் அடக்குவது நல்லதில்லை என்று திட்டினார். பையில் நீர் ஏற்றி அழுத்தம் அளக்கிற 'யூரோடைனமிக்' டெஸ்ட் வேண்டுமா என்று கேட்டேன். இருமல் டெஸ்டிலேயே தெளிவாகத் தெரிகிற, வேறு சிக்கல் இல்லாத ஆளுக்கு அது முடிவை மாற்றுவதில்லை என்றார். இது சரிதானா?

நான் கேட்ட கேள்விகளுக்கு அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார்.


கத்திரிக்கோல்
ஏப்ரல் 22, காலை 6:05

சரிதான். 630 பெண்களை வைத்துப் பார்த்து 2012இல் வந்தது, உங்களைப் போலச் சிக்கலில்லாதவர்களுக்கு அந்த டெஸ்ட் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு வருஷ முடிவு ஒன்றுதான். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள், நரம்பு நோய் உள்ளவர்கள், இரண்டு கசிவும் கலந்தவர்கள், போவதற்குச் சிரமப்படுகிறவர்கள், இவர்களுக்குச் செய்ய வேண்டும்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று சொல்லிவிடாதீர்கள்.


கரும்பலகை, மதுரை
மே 19, பகல் 3:30

ஆகிவிட்டது. நாலு நாள் யோசித்து, டி.வி.டி. வகையே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் நாள் முழுக்க நின்று, குனிந்து, தரையில் உட்கார்ந்து பழகினவள், தொடை வலி வேண்டாம் என்று தோன்றியது. பையில் குத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேமராவில் பார்ப்போம், குத்தியிருந்தால் எடுத்துவிட்டு வேறு இடத்தில் விடுவோம், டியூப் சில நாள் கூட இருக்கும் என்றார். குத்தவில்லை.

ஆனால் மறுநாள் டியூப் எடுத்ததும் போகவில்லை. நர்ஸ் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். ஒன்றும் இல்லை. கொஞ்சமாகப் போனது, ஸ்கேனில் 240 மில்லி மிச்சம். அன்ரியின் கண்ணாடி ஞாபகம் வந்து கை நடுங்கிவிட்டது. மூன்று நாள் டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பையைப் புடவைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்காரர்தான் ஊற்றி அளந்து என் பழைய குறிப்பு நோட்டிலேயே எழுதினார். அவருடைய கையெழுத்தில் '4:10, 300' என்று பார்க்கும்போது என்னவோ போல இருந்தது. நாலாம் நாள் எடுத்தார்கள், போனது. மிச்சம் 40.

ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, வண்டி உதைக்கக் கூடாது, மற்றதும் கூடாது.


ஈஸ்ட்ஹாம்_அன்ரி, லண்டன்
மே 19, மாலை 6:00

போனதே பெரிய காரியம் தங்கச்சி. ஆறுதலாக இருங்கோ.


மாடிப்படி
ஜூலை 3, இரவு 8:12

இழை முழுவதும் படித்தேன். என் அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை, இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார். இருமினால் நனைகிறது. ஆபரேஷன் தாங்குமா என்று பயம். அன்ரி சொன்ன 'ஊசி' என்றால் என்ன?


கத்திரிக்கோல்
ஜூலை 4, இரவு 11:20

குழாயின் உள்சுவரில் மூன்று நாலு இடத்தில் ஒரு ஜெல்லை ஊசி மூலம் ஏற்றுவது. சுவர் உப்பி, வாய் கொஞ்சம் மூடும். மரத்துப்போகிற மருந்து மட்டும் போட்டே செய்யலாம். டேப் அளவுக்கு நிற்காது, திரும்பப் போட வேண்டி வரலாம், ஆனால் வெட்டு இல்லை. உங்கள் அம்மா மாதிரி இருக்கிறவர்களுக்கு யோசிக்கத் தகுந்த வழி. இதய டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதற்கும் முன்னால் சர்க்கரை எவ்வளவு, சிறுநீர் போன பிறகு பையில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் பை நிரம்பி வழிகிற கசிவும் இருமல் கசிவு மாதிரியே தெரியும், அதற்கு வழி அடைக்கிற எந்த வேலையும் செய்யக் கூடாது.


பவளமல்லி, திருச்சி
ஜூலை 5, காலை 6:40

டீச்சர், ஆளையே காணோம். பள்ளி திறந்தாகிவிட்டதே?


கரும்பலகை, மதுரை
ஜூலை 5, இரவு 10:30

இருக்கிறேன். ஏழு வாரம். நேற்று குழம்புப் பொடிக்கு மிளகாய் வறுத்தேன், வீடே இருமியது. நானும் இருமினேன். ஒன்றுமில்லை. உடற்பயிற்சி நேரத்தில் பிள்ளைகள் ஸ்கிப்பிங் ஆடக் கூப்பிட்டார்கள், அதில் இரண்டு துளி போனது. டாக்டரிடம் சொன்னேன், பிடியை விட்டுவிடாதீர்கள் என்றார். இந்த வருஷம் வகுப்பில் 38 பேர்தான், அதனால் 19 பிடி.

போக முன்பைவிட அரை நிமிஷம் கூடுதலாகிறது. எட்டரை மணித் தண்ணீர் பிரச்சினைக்குத் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறேன், காரணம் எழுதும் இடத்தில் 'பெண் ஆசிரியர்கள் 11 பேர்' என்று மட்டும் எழுதினேன்.

தங்கச்சியிடம் அந்த ரோஸ் கலர் புடவையை மட்டும் திருப்பிக் கேட்டேன். தர மாட்டாளாம்.